சுவாமிதாஸுக்கு ஒரு முதல் பந்தி

அருப்புக்கோட்டையில் பைப்பும் மோட்டார் சாமானும் விற்கும் சுவாமிதாஸுக்குச் சாப்பாட்டின் மேல் ஆசையே கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். ஊரறிந்த விஷயங்கள் எந்த லட்சணத்தில் இருக்கும் என்பதற்கு இது ஒன்றே போதும். அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் ஆசை என்று ஒன்று உண்டென்றால் அது சாப்பாட்டின் மேல்தான். காலையில் கடைக்குக் கிளம்பும்போதே மத்தியானம் என்ன குழம்பு என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்கு வியாபாரத்தில் மனசு ஒட்டாது. சாயங்காலம் பக்கத்துப் புரோட்டாக் கடையில் சால்னா கொதிக்க ஆரம்பித்தால், முக்கால் இஞ்சு பைப்பு கேட்டவருக்கு ஒன்றரை இஞ்சை எடுத்து நீட்டுவார். நெத்திலிக் கருவாட்டுக்குப் புளி முதலில் போக வேண்டுமா கத்தரிக்காய் முதலில் போக வேண்டுமா என்று ஒரு பொழுது பூராவும் பேசச் சொன்னால் பேசுவார். பேச ஆள்தான் கிடைப்பதில்லை. அவரிடம் யாரும் சாப்பாட்டுப் பேச்சை எடுப்பதே இல்லை. எடுத்தால் மனிதருடைய விரதம் ஏதோ கலைந்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

இந்தக் கெட்ட பெயர், அதாவது நல்ல பெயர், அவருக்கு ஒரு கல்யாணத்தில் வந்து ஒட்டியது. எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் அவருடைய சொந்த ஊர். அங்கே சித்தப்பா மகன் கல்யாணம். சுவாமிதாஸ் அப்போது மீசை முறுக்கித் திரிந்த இளவட்டம். பெண் வீட்டார் நரிக்குடியிலிருந்து ஒரு பஸ்ஸில் வருகிறோம் என்று சொல்லிவிட்டு இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கறி காணாது என்று சமையல்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டார். சித்தப்பா தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். இவர் போய்க் கரண்டியை வாங்கினார். முதல் சுற்றில் ஆளுக்கு ஒரு கை அளவு. "இன்னொரு சுத்து வாரேன், மெதுவா சாப்பிடுங்க" என்று ஒரு வார்த்தை. சோறு ஆவி பறக்கும்போதே குழம்பு. கறியும் எலும்புமாகக் கலந்து ஒரு துண்டு. ஆள் முகத்தைப் பார்த்து இன்னொரு துண்டு. கடைசிப் பந்தி எழுந்தபோது அண்டாவில் கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது.

அதோடு தொலைந்தார். கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணமோ இந்துக்கள் வீட்டுக் காது குத்தோ, பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் தட்டை நீட்டும்போதே, "அண்ணாச்சி, நீங்க வந்து கரண்டியைப் பிடிச்சிட்டாப் போதும், எங்களுக்குக் கவலையில்ல" என்பார்கள். வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று ஒரு பயல் சொன்னதில்லை. அவருடைய சொந்தக் கல்யாணத்திலேயே, தாலி கட்டிக் கோயிலை விட்டு வெளியே வந்து கோட்டு சூட்டோடு நின்றவரை மாமனார் ஓரமாகக் கூட்டிப்போய், "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்கக் கூடாது, அடுப்படிப் பக்கம் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருங்க" என்றார். போனவர் வருவதற்குள் மூன்று பந்தி முடிந்துவிட்டது. கோட்டில் விழுந்த குழம்புக் கறை இன்றைக்கும் போகவில்லை.

கரண்டியைப் பிடிக்கிறவனுக்குக் கடைசிப் பந்திதான். அது எழுதாத சட்டம். கடைசிப் பந்தி என்றால் என்ன என்பது முதல் பந்தியில் உட்கார்ந்து ஏப்பம் விட்டவனுக்கு விளங்காது. சோறு கட்டி தட்டியிருக்கும். குழம்பு அடியில் மசாலாவும் பொடி எலும்புமாகக் கிடக்கும். மேலே ஆடை கட்டிய கொழுப்பு இலையில் விழுந்ததும் வெள்ளையாக உறைந்து போகும். அப்பளம் நமத்திருக்கும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நாலு மணி நேரம் கறி வாசத்துக்குள்ளேயே நின்றவனுக்குப் பசி என்பது செத்துப் போயிருக்கும். அவர் இலையின் முன்னால் உட்கார்ந்து ரெண்டு வாய் ரசம் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார். அதைப் பார்த்தவர்கள் என்ன சொல்வார்கள்? "பாத்தியா, அண்ணாச்சிக்கு வாய் கட்டுன மனசு."

போன வருஷம் சபைப் போதகர் பிரசங்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டார். ஆகாரத்தின் மேல் இச்சையில்லாமல் பிறரைப் போஷிக்கிற சகோதரர் நம் நடுவில் இருக்கிறார் என்று அவரைக் கை காட்டினார். சபையே திரும்பிப் பார்த்தது. அந்த நேரத்தில் சுவாமிதாஸ், வீட்டுக்குப் போனதும் ஆட்டு ஈரலை மிளகு போட்டு வறுப்பதா வெறும் வத்தல் போட்டு வறுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பைபிளைப் புரட்டினார்.

இப்படியே காலம் போயிருக்கும். பல் கெடுத்தது. மேல்வரிசை ஆட ஆரம்பித்து, ஈறு வீங்கி, மதுரைக்குப் போய்ப் பல் டாக்டரிடம் காட்டினார். அவர் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, ஈறு முழுக்கப் போய்விட்டது, மொத்தமாக எடுத்துவிட்டுச் செட்டு வைத்துவிடலாம் என்றார். இடது பக்கக் கடைவாய் இன்னும் கெட்டியாகத்தானே இருக்கிறது என்று சுவாமிதாஸ் வாதாடினார். அதுவும் போக வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

"செட்டுப் பல்லு வச்சுக்கிட்டு நல்லி எலும்பு கடிக்கலாமா சார்?"

"மொதல்ல இட்லி சாப்பிடப் பழகுங்க, பாப்போம்" என்றார் அந்தப் புண்ணியவான்.

நாள் குறித்தார்கள். சொந்த ஊர்ச் சபையில் அசனம் முடிந்த மறு செவ்வாய்க்கிழமை. பஸ்ஸில் திரும்பி வரும்போது சுவாமிதாஸுக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. சூடு சூடாக ஒரு முதல் பந்தி, கடைவாயில் வைத்து நொறுக்க ஒரு நல்லி. இதைச் சாப்பிடாமலே பல்லைப் பறிகொடுப்பது என்றால், இத்தனை வருஷம் இந்தப் பல்லை எதற்கு விளக்கினோம் என்று இருந்தது.

அசனம் என்பது அந்தச் சபையில் தை மாதக் கடைசியில் வருகிற விருந்து. கோயில் கட்டிப் பிரதிஷ்டை செய்த நாளை ஒட்டிச் சபையார் ஆடும் அரிசியுமாகக் கொடுப்பார்கள். ஒன்றாகப் பொங்கி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இந்த மதம் அந்த மதம் என்று பார்க்காமல் திருச்சுழி வரைக்கும் உள்ள ஆட்கள் வந்துவிடுவார்கள். ஆடு எல்லாம் நரிக்குடிப் பக்கத்து ஆடு, கண்மாய்க் கரையில் கருவேலங்காய் பொறுக்கித் தின்று வளர்ந்தது. அந்தக் கறிக்கு ஒரு தனி வாசம் உண்டு. சுவாமிதாஸ் அந்த வாசத்தை வருஷா வருஷம் மோந்ததோடு சரி. மண்டபத்தில் நடுவே ஒரு தட்டி கட்டி, ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்காருவார்கள். ஆண்கள் பக்கம் இவர் பொறுப்பு. பெண்கள் பக்கத்தை இவருடைய மனைவி அற்புதமேரியும் இன்னும் சிலரும் பார்த்துக்கொள்வார்கள்.

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மனைவியிடம் சொன்னார்.

"இந்த வருசம் நான் கரண்டியைத் தொடமாட்டேன். மொதப் பந்தியில ஒக்காரப் போறேன்."

அற்புதமேரி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "ஒக்காருங்க. யாரு வேண்டாங்கா?"

"யாரு வேண்டாங்காளா? ஊரே வேண்டாங்கும். ஒனக்கு என்ன தெரியும்? நீ அடுப்பங்கிட்ட நிக்கிறவ. சூட்டோட சூடா ஒரு துண்ட வாயில போட்டுக்கிட்டுப் போயிருவ. முப்பது வருசமா ஆறிப்போன சோத்தைத் திங்கிறவன் நானு."

அற்புதமேரி அடுத்த பூண்டை எடுத்தாள்.

யாரிடம் கரண்டியைக் கொடுப்பது என்று ரெண்டு நாள் யோசித்தார். தம்பி முறைக்காரர்களிடம் கொடுத்தால், பாதியில் ஓடி வந்து, "அண்ணே, நீங்களே வாங்க" என்று இலையிலிருந்து எழுப்பிவிடுவார்கள். கடைசியில் ஒரு வழி தோன்றியது. மகள் ஹெப்சிபாவின் புருஷன் சுஜின். விருதுநகரில் பாங்கு வேலை. மாப்பிள்ளை கரண்டியைப் பிடித்தால் எவனும் குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளையை இறக்கிவிட்டு மாமனாரைக் கூப்பிட எவனுக்கும் தைரியம் வராது. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார். யாரும் குறை சொல்ல முடியாத ஆளைத் தானும் குறை சொல்ல முடியாது என்பது மட்டும் அப்போது அவர் மண்டையில் ஏறவில்லை.

சுஜினைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் நடத்தினார்.

"மொதச் சுத்துல கொஞ்சமா வைக்கணும் மாப்பிள்ளை."

"சரிங்க மாமா."

"கேக்காம ரெண்டாந் தடவை வைக்கக் கூடாது. வாளியை ரொப்பித் தூக்கிக்கிட்டுப் போகக் கூடாது, அரை வாளிதான். கை அப்பத்தான் அளவா வரும்."

"சரிங்க மாமா."

செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவனுக்குச் 'சரிங்க மாமா' என்பது மூச்சு விடுகிற மாதிரி. உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று யாருக்குத் தெரியும்? தங்கமான பையன்தான். தன் தட்டில் இருப்பதையும் எடுத்துப் பக்கத்துத் தட்டில் வைக்கிற கை. அந்தக் கையைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தார். அதே கையில் கரண்டியைக் கொடுக்கலாமா என்று யோசித்திருக்க வேண்டும்.

அசனத்தன்று விடிகாலையிலேயே அடுப்பு எரிந்தது. சோணைமுத்து என்கிற சமையல்காரர் வருஷா வருஷம் வருகிறவர். அண்டாவுக்குள் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, வெள்ளை வேட்டியில வந்திருக்கீக? கைலி எங்க?" என்றார். இன்றைக்குத் தான் விருந்தாளி என்று சுவாமிதாஸ் சொன்னார். சோணைமுத்து சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் முதல் ஆளாகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர நிம்மதி கிடைக்கவில்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று விசாரித்தான். பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்த திருச்சுழி உரக்கடை வீரபத்திரன், "என்ன அண்ணாச்சி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். இல்லை என்றார். எதிர் வரிசையில் ஒருவர், "சுகரா?" என்றார். இல்லை என்றார். வீட்டில் ஏதாவது மனத்தாங்கலா என்று இன்னொருவர் காதோரம் கேட்டார். சபைச் செயலர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து குனிந்து, "அண்ணே, ரெண்டாம் பந்திக்காவது வந்து நின்னுருங்க" என்றார். சுவாமிதாஸ் கண்ணை மூடி ஜெபம் பண்ணுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். ஒரு மனிதன் பசித்து இலையில் உட்கார்ந்தால் அதற்கு ஒரு வியாதியாவது காரணமாக இருக்க வேண்டும் போல.

சோறு விழுந்தது. ஆவி முகத்தில் அடித்தது. போதகர் ஜெபிக்க எழுந்தார். வழக்கமாகச் சுருக்கமாக முடித்துவிடுகிற மனிதர். அன்றைக்கு அவர் கண் சுவாமிதாஸ் மேல் விழுந்து தொலைத்தது. மழைக்காக நன்றி சொன்னார், ஆடு கொடுத்தவர்களுக்காக நன்றி சொன்னார், அடுப்பு எரித்தவர்களுக்காக நன்றி சொன்னார். பிறகு, இத்தனை வருஷம் பசியோடு நின்று பரிமாறி, இன்றைக்குச் சரீர பலவீனத்தினால் உட்கார்ந்திருக்கிற சகோதரருக்குப் பரிபூரண சுகம் தரும்படி உருக்கமாக வேண்ட ஆரம்பித்தார். கண்ணை மூடியிருந்த சுவாமிதாஸுக்கு ஆவி முகத்தில் அடிப்பது குறைந்துகொண்டே வருவது தெரிந்தது. ஆண்டவரே, இவர் வாயைக் கொஞ்சம் மூடும் என்று அவரும் உருக்கமாக வேண்டிக்கொண்டார்.

ஆமென் என்றதும் சுஜின் வாளியோடு வந்தான். முழு வாளி. வழிய வழிய. சுவாமிதாஸ் அதைப் பார்க்காத மாதிரி இலையைப் பார்த்தார். வரிசையாகக் கறி விழுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு இலையிலும் அது விழுந்த கனத்தை வைத்தே எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்தது. தெரியக் கூடாது என்று நினைத்தாலும் காது கேட்கத்தானே செய்யும்.

அவருடைய இலைக்கு வந்ததும் சுஜின் வாளிக்குள் கறியின் மேல் வைத்திருந்த ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்தான். "அத்தை எடுத்து வச்சுக் குடுத்தாக மாமா" என்று சொல்லிக் கவிழ்த்தான். நல்லி. ஒரு முழு நல்லி, கறி சுற்றிலும் பஞ்சாக வெந்து, முனையில் எண்ணெய் மினுங்கிக்கொண்டு.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை. சோற்றின் நடுவில் குழி பறித்தார். குழம்பு இறங்கியது. பிசைந்தபோது விரல் சுட்டது. சுடட்டும் என்று பிசைந்தார். முதல் வாய் உள்ளே போனதும், சோம்பும் வறுத்த மல்லியும் சம்பா வத்தலும் ஒன்றாக ஏறி, நெற்றியில் வேர்வை பூத்தது. சூட்டில் கொழுப்புக்கு ஒரு ருசி உண்டு. ஆறியதில் அது தெரியாது. தெரியவே தெரியாது. முப்பது வருஷமாக ஊராருக்குத் தன் கையால் என்ன போட்டிருக்கிறோம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கறியைப் பிய்த்து ரெண்டு வாய் தின்றுவிட்டு, நல்லியை எடுத்து இலையோரம் தட்டினார். இடது கடைவாயில் வைத்து ஒரு கடி. எலும்பு நெரிந்தது. உறிஞ்சினார். வரவில்லை. மறுபடி தட்டி, மறுபடி உறிஞ்சினார். உள்ளே இருந்த மஜ்ஜை வழுக்கிக்கொண்டு வந்து நாக்கில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வத்தல் காரம் என்று வீரபத்திரனிடம் சொன்னார்.

தலையை நிமிர்த்தியதுதான் தப்பு. சுஜின் இரண்டாவது வாளியோடு வந்துகொண்டிருந்தான். முதல் பந்தியே பாதி ஆகவில்லை. எவனும் கேட்கவில்லை. வைத்துக்கொண்டே வந்தான். வீரபத்திரன் இலையை இரண்டு கையாலும் மறைத்து, "போதும் மாப்பிள்ளை" என்றார். "இருக்கட்டும், சாப்பிடுங்க" என்று விரல் இடுக்கு வழியாக வைத்தான். வெளியே இன்னும் மூன்று பந்தி காத்துக் கிடக்கிறது.

எழுந்து போய்க் கரண்டியைப் பிடுங்கலாம். நூற்றுக்கணக்கான பேருக்கு முன்னால் மாப்பிள்ளை கையைப் பிடித்து நிறுத்துவதா? அதற்கு மண்டபத்துக்குத் தீ வைக்கலாம். ஹெப்சிபா வாழ்நாள் பூராவும் பேச மாட்டாள். இலையிலிருந்து பாதியில் எழுந்தால் வரிசையே கையை மடக்கிக்கொண்டு எழுந்துவிடும். அதுவும் முடியாது. இருமினார். சுஜின் ஓடி வந்து தண்ணீர் வைத்தான். கண்ணைக் காட்டினார். மாமாவுக்குக் கறி வேண்டும் போல என்று ஒரு கரண்டி வைத்தான். போதும் என்று கையை விரித்து ஆட்டினார். கூச்சப்படுகிறார் என்று நினைத்து இன்னொரு கரண்டி வைத்தான். இந்தப் பிள்ளையைப் பாங்கில் எப்படி வேலைக்கு வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை.

சுவாமிதாஸ் இலையைப் பார்த்தார். கறி மலையாகக் கிடந்தது. ஆவி இன்னும் போயிருக்கவில்லை. போகட்டும் என்று நினைத்தார். இத்தனை வருஷம் பார்த்தாயிற்று. இன்றைக்கு ஒரு நாள் அந்த அண்டா தன்னைத் தானே பார்த்துக்கொள்ளட்டும். குனிந்து சாப்பிட்டார். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ரசம் வாங்கி, மோர் வாங்கி, இலையை மடக்கிவிட்டுத்தான் எழுந்தார்.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு வேன் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுச் சாய்ந்தார். வயிறு நிறைந்திருந்தது. மனசு நிறையவில்லை. இரண்டாம் பந்தி முடித்து வந்த ரெண்டு பேர் வேனுக்கு அந்தப் பக்கம் நின்று பல் குத்திக்கொண்டே பேசியது காதில் விழுந்தது.

"மாப்பிள்ளைக்குத் தாராளக் கை."

"ஆமா. அண்ணாச்சி கை எப்பவுமே கொஞ்சம் இறுக்கந்தான்."

சுவாமிதாஸுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இறுக்கமா? கடைசி ஆள் வரைக்கும் கறி போய்ச் சேர்ந்ததே, அது யார் கையால்? எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டிருப்பார். வயிறு விடவில்லை. இவனுகளுக்குப் போய் முப்பது வருஷம் அளந்து வைத்தோமே என்று தன்னையே வைதுகொண்டார். வைதுகொண்டே தூங்கிப்போனார்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அண்டா உருளுகிற சத்தமும் சோணைமுத்து யாரையோ ஏசுகிற சத்தமும் கேட்டன. அண்டா காலியானதும் அதில் சோற்றைக் கொட்டி, ஒட்டியிருக்கும் மசாலாவோடு பிசைந்து வேலைக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு உருண்டை கொடுப்பது சோணைமுத்துவின் வழக்கம். அதைச் செய்யவிடாமல், சீக்கிரம் ஊறட்டும் என்று மாப்பிள்ளை அண்டாவில் தண்ணீரை ஊற்றிவிட்டிருந்தான்.

சுஜின் கையைத் துடைத்தபடி முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தான். "எல்லாரும் திருப்தியா சாப்பிட்டாக மாமா. ஒருத்தரும் கொறை சொல்லலை."

"கடைசிப் பந்திக்கு?"

"வேலை பாத்த ஆளுக மட்டுந்தான மாமா. கறி தீந்துருச்சு. ரசம் இருக்கு, கூட்டு இருக்கு. அவுக ஒண்ணும் நெனைக்க மாட்டாக."

சரிங்க மாப்பிள்ளை என்று சொல்லத்தான் அவரால் முடிந்தது. மண்டபத்துக்குள் போனார். ஆள் குறைவு என்பதால் தட்டியை அவிழ்த்துச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். இந்தப் பக்கம் விறகு தள்ளியவர்கள், தண்ணீர் தூக்கியவர்கள். அந்தப் பக்கம் வெங்காயம் உரித்த பெண்கள், பாத்திரம் கழுவியவர்கள். அந்த வரிசையில் அற்புதமேரி உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். இலையில் கட்டி தட்டிய சோறு. ரசம். ஓரத்தில் கொஞ்சம் கத்தரிக்காய்க் கூட்டு.

"நீ இன்னும் சாப்பிடலையா?" என்றார் சுவாமிதாஸ்.

"சாப்பிட்டுக்கிட்டுத்தான இருக்கேன்."

"இல்ல, எப்பவும் நீ மொதல்லயே..."

"எப்பவும் இந்தப் பந்திதான்." அவள் சோற்றைக் கரைத்துக்கொண்டே சொன்னாள். "தட்டிக்கு அந்தப் பக்கம் நீங்க இருப்பீக, இந்தப் பக்கம் நான் இருப்பேன். சோறு ஆறிப்போச்சுன்னு நீங்க சோணைமுத்து அண்ணனை வையிறது இங்க நல்லாக் கேக்கும்."

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். கேலியாகச் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது தெரிந்த சங்கதி, அவ்வளவுதான். சுவாமிதாஸுக்கு அதுதான் இன்னும் சுருக்கென்று தைத்தது. அத்தனை வருஷமும் அவர் அந்தத் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, உலகத்திலேயே ஆறிய சோறு தின்கிறவன் தான் ஒருத்தன்தான் என்று பொருமியிருக்கிறார்.

"ஏன் சொல்லலை?"

"என்னத்தைச் சொல்ல? பரிமாறுறவ பெறகுதான் சாப்பிடணும்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்." அவளுக்கும் எரிச்சல் வந்துவிட்டது. "நின்னுக்கிட்டு மொகத்தைப் பாக்காதீக. அந்த நல்லியை எடுத்து ஒளிச்சு வைக்கிறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருச்சு. அதாச்சும் நல்லா இருந்துச்சா?"

ஒன்றும் பிரமாதம் இல்லை, உப்பு கொஞ்சம் கூட என்று சொல்ல வாயெடுத்தார். கையில் இன்னும் மசாலா வாசம் அடித்தது. "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார்.

"ம்" என்றாள். "அப்பச் சரி."

அவர் அங்கேயே நின்றார். வீரபத்திரனுக்கு நெஞ்செலும்பு பிடிக்கும். போதகருக்கு ஈரல். செயலர் கொழுப்பைத் தொடமாட்டார். திருச்சுழியிலிருந்து வருகிற தாசில்தார் ஆபீஸ் பியூனுக்குத் தொடைக்கறி, அதுவும் எலும்பு இல்லாமல். இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு எந்தத் துண்டு பிடிக்கும் என்று அவருக்கு மனப்பாடம். யோசித்து யோசித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"ஒனக்கு எந்தத் துண்டு புடிக்கும்?" என்று கேட்டார்.

அற்புதமேரியின் கை இலையில் நின்றது. நிஜமாகவே யோசித்தாள்.

"தெரியலையே" என்றாள். "கடைசியில அண்டாவுல என்ன கெடக்கோ, அதைத்தான தின்னிருக்கேன்."